பவுடர் புளூவுக்கு வெள்ளைப் புள்ளி: கிளீனர் ராஸ் வாங்கி விடலாமா?

அலைநேசன் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் 400 லீட்டர் அளவில் ஒரு உப்புத்தண்ணித் தொட்டி வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பவுடர் புளூ (நீல நிறச் சர்ஜன் மீன்), இரண்டு கிளவுன் மீன், நாலைந்து பச்சை குரோமிஸ் மீன், கொஞ்சம் உயிருள்ள முருகைக்கல். இந்தக் கிழமை தொடக்கம் பவுடர் புளூவின் உடம்பில் உப்புக்கல் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். செட்டையில்தான் கூட. அடிக்கடி கல்லில் போய் உரசுகிறது. சாப்பாடு மட்டும் ஒழுங்காக எடுக்கிறது.

மீன் வாங்கின கடையில் கேட்டேன். மருந்து ஒன்றும் போட வேண்டாம், ஒரு கிளீனர் ராஸ் விடுங்கள், அது புள்ளி முழுவதையும் கொத்தித் தின்றுவிடும் என்கிறார்கள். நீலமும் கறுப்புமாய் விரல் நீளத்தில் வடிவான மீன், விலையும் பெரிதாக இல்லை. வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ.

சின்னமீன்

வாங்குங்கள் அண்ணா. கிளீனர் என்று பேரே இருக்கிறதே. காணொளிகளில் பெரிய பெரிய மீனின் வாய்க்குள்ளேயே போய்ச் சுத்தம் செய்கிறது.

உப்புத்தண்ணி (தெஹிவளை)

அலைநேசன் தம்பி, வாங்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆலோசனையைக் கொழும்புக் காலி வீதி நெடுகிலும் கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் அது கிரிப்டோகாரியன். கடல் மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய். பவுடர் புளூவுக்கு இது மிகக் கெதியாக வரும், அந்த இனமே அப்படி. நாம் காணும் வெள்ளைப் புள்ளி தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி இல்லை. ஒரே கலம் கொண்ட ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே இருந்து தின்று பருக்கிறது. மூன்று முதல் ஏழு நாள் வரை அப்படி இருந்துவிட்டுத் தானாகக் கழன்று விழும். விழுந்தது மணலிலோ கல்லிலோ ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பல நூறாகப் பிரியும். பிறகு ஓடு உடைந்து, நீந்தும் குஞ்சுகள் வந்து திரும்பவும் மீனைத் தேடும். அதனால்தான் புள்ளிகள் ஒரு நாள் மறைவதும், சுகம் வந்துவிட்டது என்று நாம் நினைத்திருக்க இரண்டு மடங்காகத் திரும்பி வருவதும்.

கிளீனர் ராஸ் கடலில் பிடித்துத் தின்பது வேறு சாமான். நாத்தியிட் என்று ஒரு வகை, இறால் நண்டுக் குடும்பத்தின் தூரத்து உறவு. மீனின் மேல் ஒட்டி இரத்தம் குடிக்கும், கண்ணுக்குத் தெரியும், கொத்தி எடுக்கலாம். தோலுக்கு அடியில் இருக்கும் ஒற்றைக் கலத்தை இந்த மீன் எப்படி எடுக்கும்? சில வேளை ஒன்றிரண்டு அகப்படலாம், நோயை நிறுத்தாது. நோய்ப்பட்ட தொட்டியில் கொண்டுபோய் விட்டால் அதற்கும் அதே புள்ளி வரும்.

உங்கள் பவுடர் புளூ இன்னும் சாப்பிடுகிறது, அது நல்ல செய்தி. நேரத்தை இந்த மீனில் செலவழிக்காமல் தனித் தொட்டி ஒன்றைத் தயார் செய்யுங்கள். செப்பு மருந்துதான் வழி. முழு விபரமும் எழுதுகிறேன்.

அலைநேசன்

நன்றி அண்ணா. அப்படியென்றால் நோய் மாறின பிறகு வாங்கி விடலாமா? சுத்தம் செய்ய ஒன்று இருந்தால் நல்லதுதானே.

ஆழ்கடல் (கல்கிசை)

நான் தொட்டி வைப்பவன் இல்லை, சுழியோடி. இந்த மீனைப் பற்றிக் கதை வந்ததால் எழுதுகிறேன்.

நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை மேற்குக் கடல் தெளிந்திருக்கும் நாட்களில் கல்கிசையில் இருந்து படகில் போய் இறங்குவோம். கொழும்புக்கு வெளியே கற்பாரும் இருக்கிறது, மூழ்கிய கப்பல்களும் இருக்கின்றன. 1917 பெப்ரவரியில் ஜெர்மன் கப்பல் வுல்ஃப் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் பட்டுத் தாழ்ந்த வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் இரண்டும் அந்தக் கடலில்தான் கிடக்கின்றன. எங்கே இறங்கினாலும் நான் முதலில் தேடுவது கிளீனர் ராஸின் இடத்தை. ஒரு கல்லின் நெற்றி, அல்லது இரும்புத் தகட்டின் ஓரம். இன்றைக்குப் பார்த்த இடத்தில் அடுத்த முறை போனாலும் அது நிற்கும்.

பக்கத்தில் மண்டியிட்டு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு பார்த்தால் எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் காலை சலூன் மாதிரித்தான், வரிசையில் ஆள் நிற்கும். ஒரு கலவாய் வந்து தரையில் இருந்து அரை முழம் உயரத்தில் அசையாமல் நிற்கும். வாய் முழுக்கத் திறந்திருக்கும், பூ (செவுள்) மூடியும் விரிந்திருக்கும். கிளீனர் வாலை மேலும் கீழும் ஆட்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேரே வாய்க்குள் போகும். உள்ளே பல்லுக்கு இடையில், பூவின் தகடுகளுக்கு இடையில் தட்டித் தட்டி எடுத்துவிட்டு பூ மூடிப் பக்கத்தால் வெளியே வரும். கலவாய்க்குப் போக வேண்டி வந்தால் சட்டென்று வாயை மூடாது. பாதி மூடி, உடம்பை ஒருக்கா உதறித் திரும்பத் திறக்கும். அதைக் கண்டதும் கிளீனர் வெளியே வந்துவிடும். அந்த உதறலை முதலில் பார்த்த நாளில் என் காற்று அளவைப் பார்க்கவே மறந்துபோனேன்.

நகரை மீன் வந்தால் இன்னும் வடிவு. சுத்தம் செய்யும்போது உடம்பு சிவந்துகொண்டு வரும். சிவந்த தோலில் ஒட்டுண்ணி எடுப்பாகத் தெரியும் போல.

கையுறையைக் கழற்றி நீட்டினால் என் விரலையும் வந்து கொத்திப் பார்க்கும். ஆளைக் கண்டு பயமே இல்லாத மீன். பிடிப்பது சுலபமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

பவளமல்லி

ஆழ்கடல் அண்ணா சொன்னது எல்லாம் எண்ணிக்கையாகவும் பதிவாகியிருக்கிறது. நான் விலங்கியல் படித்தவள், என் இறுதி ஆண்டுக் கட்டுரையே இந்த மீனின் மேல்தான்.

லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ் என்பது விஞ்ஞானப் பெயர். முழு வளர்ச்சியில் 14 சென்டிமீட்டர் வரை. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் இதைப் பின்தொடர்ந்து எண்ணினார். ஒரு கிளீனர் ஒரு நாளில் ஏறக்குறைய 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. வந்துபோகும் மீன்களின் வருகை 2,000-ஐயும் தாண்டும். அலைநேசன், உங்கள் தொட்டியில் ஏழெட்டு மீன் இருக்கிறது. அதில் நாத்தியிட் அநேகமாக ஒன்றுமே இராது. இந்த மீன் என்னத்தைத் தின்னும்?

இன்னொன்று. ஒட்டுண்ணியை விட இதற்குப் பிடித்தது மீனின் உடம்பில் இருக்கும் சளிப்படலம். கிரட்டரும் ரெடுவான் புஷாரியும் 2003-இல் இரண்டையும் வைத்துத் தெரிவு செய்யவிட்டார்கள், சளியைத்தான் எடுத்தது. கடலில் சளியைக் கடித்தால் வாடிக்கை மீன் துள்ளும், துரத்தும், அல்லது வேறு கல்லுக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் நேர்மையாக வேலை பார்க்கிறது. தொட்டியில் வாடிக்கை மீன் எங்கே போகும்? கடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முகத்துவாரம்

பவளமல்லி தங்கச்சி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை.

என்னிடம் வருஷக் கணக்கில் ஒன்று இருக்கிறது. நல்ல உடம்போடு இருக்கிறது. 1,500 லீட்டர் தொட்டி, பெரிய ஏஞ்சல், சர்ஜன் என்று நிறைய மீன். கிளீனருக்குத் தனிச் சாப்பாடு: உறைய வைத்த மைசிஸ், ஆர்ட்டீமியா (இரண்டும் இறால் போன்ற சின்னப் பிராணிகள்), நன்றாக அரிந்த இறால், ஒரு நாளில் நாலைந்து தடவை சிறிது சிறிதாக. வாங்கும்போது கடையிலேயே சாப்பாடு போட்டுக் காட்டச் சொன்னேன், தின்றதைக் கண்ட பிறகுதான் காசு கொடுத்தேன். தொட்டியில் வாழவே வாழாது என்பது சரியில்லை. பெரும்பாலானது வாழாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டை எடுக்காமல் வயிறு உள்ளே ஒட்டிச் செத்துப்போவதுதான் அதிகம்.

ஆனால் அலைநேசன் கேட்ட கேள்விக்கு என் பதிலும் வேண்டாம் என்பதுதான். என்னுடைய கிளீனர் ஏஞ்சலைத் தட்டிப் பார்க்கிறது, ஏஞ்சலும் நின்று கொடுக்கிறது. வெள்ளைப்புள்ளி வந்தபோது நான் செப்புத்தான் பாவித்தேன்.

பவளமல்லி

முகத்துவாரம் அண்ணா, உங்களைப் போல் நாலைந்து தடவை சாப்பாடு வைப்பவர்கள் எத்தனை பேர்? கடைக்குப் போகிற ஆளுக்கு அதை யாரும் சொல்வதில்லையே. மருந்துக்குப் பதிலாக என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு அதுதான் கோபம்.

முகத்துவாரம்

அது நியாயமான கோபம்.

கற்பிட்டியான்

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் அலங்கார மீன் பிடித்துத்தான் சீவியம். அப்பா, சித்தப்பா, இப்போது நான். மேற்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் திருகோணமலை, கல்குடா பக்கம் போவோம், ஒக்டோபர் முடிய இந்தப் பக்கம் வந்துவிடுவோம். பிடித்தது பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடித்துக் கொழும்பு வந்து, அங்கிருந்து விமானம் ஏறும்.

பிடிக்கிறவனைக் கள்ளனாகப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் கைவலை பாவிக்கிறோம். மொக்சி வலை போட்டுக் கல்லை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தடை, அவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர். கிளீனரைப் பிடிக்கக் கல்லை அசைக்கவே தேவையில்லை. ஆழ்கடல் அண்ணா சொன்ன மாதிரி அதுவாகவே கைக்குக் கிட்ட வரும்.

அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெரியதை எடுத்தால் சின்னதை விடு, ஒரு கல்லை முழுக்க வெறுமையாக்காதே என்பார். பெரியது போனால் அடுத்தது அதன் இடத்துக்கு வரும் என்றும் சொல்வார். இதில் உண்மை இருக்கிறதா, பவளமல்லி அக்கா?

பவளமல்லி

இருக்கிறது தம்பி, உங்கள் அப்பா மிக வடிவாகக் கவனித்திருக்கிறார்.

ஒரு கூட்டத்தில் ஒரு ஆண், அதனோடு பல பெண்கள். பெரியது ஆண். அந்த ஆண் செத்தால் அல்லது யாராவது பிடித்தால், பெண்களில் பெரியது ஆணாக மாறுகிறது. ரொஸ் ரொபர்ட்சன் 1972-இல் ஹெரன் தீவில் செய்த ஆய்வு இது. சில மணி நேரத்துக்குள்ளேயே அந்தப் பெண் மீன் ஆணைப் போல் மற்றவர்களை அதட்டத் தொடங்கிவிடும். 14 முதல் 18 நாளில் விந்தும் உற்பத்தியாகிவிடும்.

ஆனால் இதை வைத்து எவ்வளவும் பிடிக்கலாம் என்று எடுக்க முடியாது. வெளிநாட்டுக்காரர் கேட்பது நடுத்தர அளவு மீனை. அதாவது அடுத்த ஆணாக வரவேண்டிய பெண்களை. இரண்டு மூன்றை ஒரே கல்லில் எடுத்தால் மிஞ்சுவது குஞ்சுதான். குஞ்சு கறுப்பாக, முதுகில் ஒற்றை நீலக் கோட்டோடு இருக்கும், அது பெரிய மீன்களைச் சமாளிக்க நாள் எடுக்கும்.

ஆணைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு பெரிய மீனைச் சுத்தம் செய்யும்போது பெண் சளியைக் கடித்துவிட்டால், வாடிக்கை ஓடிப்போகும். உடனே ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் துரத்தி அடிக்கும். அடுத்த தடவை அவள் குறைவாகத்தான் கடிப்பாள். நிக்கோலா ரைஹானியும் மேலே சொன்ன இருவரும் 2010-இல் எழுதினார்கள். ஒரு கல்லில் நடக்கும் சேவையின் தரமே அந்தக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது.

கற்பிட்டியான்

துரத்துவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன் அக்கா. சண்டை என்றுதான் நினைத்தோம்.

அது சரி, ஒரு கல்லில் கிளீனர் முழுக்க இல்லாமல் போனால் மற்ற மீனுக்கு உண்மையில் ஏதும் ஆகுமா? எங்கள் ஆட்கள் சிலர், இரண்டு மீன் போவதால் கடல் வற்றிவிடுமா என்று கேட்கிறார்கள்.

பவளமல்லி

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லிசார்ட் தீவில் சில தனிப் பாறைகளில் இருந்து கிளீனர்களை எடுத்துவிட்டு, திரும்ப வந்து சேர்ந்தவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எட்டரை வருஷம். அதே அளவான வேறு பாறைகளில் ஒன்றும் செய்யவில்லை. 2011-இல் முடிவு வந்தது. கிளீனர் இல்லாத பாறைகளில் அங்கேயே குடியிருக்கும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு, இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவு. வந்துபோகும் மீன்களும் குறைந்துவிட்டன. சில இனங்கள் வளர்ச்சியிலும் சிறுத்துப்போயின.

உங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இதுதான் தம்பி: நீங்கள் பிடிக்கும் ஏஞ்சலும் சர்ஜனும் அந்தக் கல்லுக்குத்தான் வந்து நிற்கின்றன. 1998-இல் கடல் சூடாகி, கற்பிட்டிக் கடலில் இருக்கும் பார் ரீஃப் என்ற முருகைப்பார் வெளிறிப்போனதை உங்கள் அப்பா நேரில் கண்டிருப்பார். அப்படி அடிவாங்கிய கடலில் மிஞ்சியிருக்கும் மீனுக்கு இந்த உதவியும் இல்லையென்றால் இன்னும் கஷ்டம்.

கற்பிட்டியான்

98-ஐப் பற்றி அப்பா இன்றைக்கும் கதைப்பார். கல் முழுக்க வெள்ளை, பிறகு பாசி.

நான் ஒன்று செய்யலாம். கிளீனருக்கு எங்களுக்குக் கிடைக்கும் காசு பெரிய காசு இல்லை, ஒரு பவுடர் புளூவோடு பார்த்தால் சில்லறை. வாங்குகிறவரிடம் எங்கள் படகில் இனி இந்த மீன் வராது என்று சொல்லிப் பார்க்கிறேன். மற்றப் படகுகளுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. கொழும்பில் கேட்கிறவர்கள் குறைந்தால்தான் அது தானாக நிற்கும்.

ஆழ்கடல் (கல்கிசை)

தம்பி, உங்கள் முடிவுக்கு என் மனமார்ந்த மரியாதை.

சின்னமீன்

நான் வாங்கச் சொன்னேன், இப்போது வேறு ஒரு கேள்வி. இந்த மீன் கண்ணாடியில் தன்னைத்தான் பார்க்கிறது என்று அறியும் என்று எங்கோ வாசித்தேன். உண்மையா?

பவளமல்லி

ஜப்பானில் ஒசாகாவில் மசனோரி கோடாவின் குழு செய்தது, 2019-இல் வெளியானது. மீனின் தொண்டைக்குக் கீழே, அது தானாகப் பார்க்க முடியாத இடத்தில், தோலுக்குள் ஒரு பழுப்பு நிற அடையாளம் வைத்தார்கள். பார்ப்பதற்கு ஒட்டுண்ணி போல் இருக்கும். கண்ணாடியில் அதைக் கண்ட மீன்கள் கீழே போய்த் தொண்டையைத் தரையில் உரசின. நிறமில்லாத அடையாளம் வைத்தபோதும், கண்ணாடி இல்லாதபோதும் உரசவில்லை. இதைச் சுய உணர்வு என்று சொல்லலாமா என்பதில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால் போன்றவர்கள் நிதானமாகப் பேசச் சொன்னார்கள். 2023-இல் அதே குழு, தன் முகத்தின் புகைப்படத்தையும் மற்ற மீனின் முகத்தையும் இது பிரித்து அறிகிறது என்று காட்டியது.

எனக்கு இதில் ஆச்சரியம் குறைவு. வந்து நிற்பது கல்லை விட்டுப் போகாத உள்ளூர் மீனா, வேறு கல்லுக்குப் போகக்கூடிய வழிப்போக்கனா என்று பார்த்து, வழிப்போக்கனுக்கே முதலிடம் கொடுக்கும் மீன் இது. மீன் தின்னும் கலவாயை மறந்தும் கடிக்காது. காத்திருக்கும் மீன் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒழுங்காக நடந்துகொள்ளும். இவ்வளவும் நினைவில் வைத்திருக்கிற தலையை ஏழெட்டு மீன் உள்ள கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைப்பதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

முகத்துவாரம்

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிளீனர் என்று பையில் வருவது சில வேளை கிளீனராகவே இராது. அஸ்பிடோன்டஸ் என்ற பிளென்னி வகை மீன், அதே நீலம், அதே கறுப்புக் கோடு, அதே ஆட்டம். கிட்டப் போன மீனின் செட்டையைக் கடித்துக்கொண்டு ஓடும். பக்கவாட்டில் பிடித்து மூக்கைப் பாருங்கள். ராஸுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும். பிளென்னிக்கு மூக்கு முன்னுக்கு நீண்டு, வாய் அதற்குக் கீழே சுறாவுக்கு இருப்பது போல் உள்வாங்கி இருக்கும்.

அலைநேசன்

நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி, எல்லாருக்கும் மிகவும் நன்றி. கிளீனர் ராஸ் வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை. கடையில் போய்ச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

உப்புத்தண்ணி அண்ணா, 100 லீட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் செப்பு டெஸ்ட் கிட்டும் எடுத்துவிட்டேன். பவுடர் புளூவை மட்டும் மாற்றினால் போதுமா? கிளவுனிலும் குரோமிஸிலும் புள்ளி ஒன்றும் தெரியவில்லை.

உப்புத்தண்ணி (தெஹிவளை)

எல்லா மீனையும் மாற்ற வேண்டும் தம்பி. ஒரு குரோமிஸை விட்டாலும் ஒட்டுண்ணிக்கு அது போதும். பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் கிடக்கட்டும், கல்லும் நத்தையும் இறாலும் அப்படியே இருக்கலாம். அந்தத் தொட்டிக்குள் செப்பு ஒரு சொட்டும் போக வேண்டாம். கல் செப்பை உறிஞ்சிவிடும், இறாலும் முருகையும் செத்துவிடும்.

பிளாஸ்டிக் பெட்டியில் மணலும் கல்லும் போடாதீர்கள். மீன் ஒளிக்கப் பெரிய பிவிசி குழாய்த் துண்டுகள், பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஒரு காற்றுப் பம்ப், அவ்வளவுதான். பவுடர் புளூவுக்கு அந்தப் பெட்டி சின்னது, அதனால் தண்ணியை அடிக்கடி மாற்ற வேண்டி வரும். அமோனியாவை ஒவ்வொரு நாளும் பாருங்கள். அமோனியாவை அடக்கும் திராவகத்தைச் செப்போடு சேர்த்து ஊற்ற வேண்டாம், செப்பின் நஞ்சு கூடிவிடும்.

உங்கள் மருந்து சாதாரண அயன் செப்பு என்றால் லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு நாளில் மெதுவாக ஏற்றி, அதே அளவில் 30 நாள் பிடித்து வையுங்கள். கீலேட் வகை (வேறொரு பொருளோடு பிணைத்த செப்பு) என்றால் அளவு வேறு, போத்தலில் இருப்பதைப் பின்பற்றுங்கள். காலையும் மாலையும் டெஸ்ட் கிட்டால் பாருங்கள், அளவு குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் மீன் சாப்பாட்டை விடும். நோரி பாசித் தாளைப் பூண்டுச் சாற்றில் நனைத்துக் கிளிப்பில் மாட்டிவிடுங்கள், பவுடர் புளூ விரும்பித் தின்னும். பூண்டு நோயை மாற்றாது, சாப்பாட்டை எடுக்க வைக்கும்.

மின்வெட்டு வந்தால் ஓட பற்றரிப் பம்ப் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். மருந்துப் போத்தலின் லேபலைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்த வகைச் செப்பு என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மருந்தை ஊற்ற வேண்டாம்.